கட்டிலுக்கு அடியில் விரித்த கார்பெட்

அந்தக் கார்பெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கொண்டுவந்தேன்.

எனக்கு நுவரெலியாவில் ஒரு ஓட்டலில் ரூம் சுத்தம் செய்கிற வேலை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். அங்கேயே தங்கல். வாரத்துக்கு ஒரு நாள் லீவு. அன்றைக்கு வீட்டுக்கு வருவேன். வீடு கொட்டகலைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று. என் வீட்டுக்காரி அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். பிள்ளைகள் இரண்டும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். வாரம் முழுக்க வீட்டில் அவள் ஒருத்திதான்.

ஒரு தடவை ஓட்டலுக்கு ஒரு வெளிநாட்டு அம்மா வரப்போகிறார் என்றார்கள். அந்த அம்மாவுக்கு அலர்ஜி. தூசி பட்டால் மூச்சு இழுக்குமாம். சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்.

“இந்த ரூம்ல விளக்கமாறு தொடக் கூடாது. கூட்டினா தூசி எழும்பும். எல்லாம் ஈரத்துணி. கர்ட்டனக் கழட்டு. தலகாணிய மாத்து. பெட்ஷீட்ட கொதிக்கிற தண்ணியில போடு. அந்தக் கார்பெட்டு மொதல்ல வெளிய போகணும். எத்தன வருசத்து அழுக்கு அதுல இருக்கோ.”

செய்தோம். கதவு நிலைக்கு மேலே, அலுமாரிக்குப் பின்னாலே, பல்பு மேலே, எல்லா இடத்தையும் துடைத்தேன். கார்பெட்டை இரண்டு பேர் சுருட்டித் தூக்கினோம். நல்ல சிவப்பு. ஓரத்தில் மஞ்சள் கொடி. ஆட்கள் நடந்து தேய்ந்த நடு இடத்தைத் தவிர மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போட்டோம்.

அந்த அம்மா வந்து தங்கினார். போகிற அன்றைக்கு என்னைப் பார்த்து, நன்றாகத் தூங்கினேன் என்று இங்கிலீசில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. வேலையில் யாரும் அப்படிச் சொல்வது குறைவு.

கார்பெட் கொட்டகைக்குப் பின்னாலேயே கிடந்தது. மழை வரப்போகிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

“எடுத்துட்டுப் போப்பா. எலி குட்டி போடறதுக்கு முந்தி எடுத்துட்டுப் போ” என்றார்.

பஸ்ஸில் அதை நிறுத்தி வைக்க இடமில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன் சீட்டில் இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

“என்னண்ணே, யாருக்குச் சீரு கொண்டுபோறீங்க?”

“எம் பொஞ்சாதிக்கு.”

“கல்யாணம் முடிஞ்சு எத்தன வருசம்?”

“பிள்ளைகளுக்கே கல்யாண வயசு.”

“இப்பத்தான் ஞாபகம் வந்திச்சா?” என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் பஸ்ஸில் யாரோடும் பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் பேசினேன்.

எங்கள் காம்பிராவில், படுக்கிற அறையில், தரை சிமெந்து. மார்கழியில் வெறுங்காலை வைத்தால் எலும்பில் ஏறும். அவள் மலையிலிருந்து நனைந்து வருவாள். கால் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அந்தக் காலுக்குத்தான் கொண்டுவந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து கதவு வரைக்கும் விரித்தேன். அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

“இதுல மிதிக்கிறதா?”

“மிதிக்கத்தான்.”

தண்ணிப் பீலிக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்து மிதித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். தேத்தண்ணி ஊற்றியவள் ஒரு சாக்குச் சொல்லித் திரும்ப வந்து மிதித்துவிட்டுப் போனாள்.

அடுத்த வீட்டு அக்கா பார்க்க வந்தார். என் சொந்த அக்கா இல்லை. அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. என் வீட்டுக்காரிக்கு அவர் மதினி. அவர் வீட்டுக்காரர் எனக்கு மச்சான்.

“ஏ புள்ள, காலு பொதையுதுடி” என்றார் அக்கா. “ஒம் புருசன் ஓட்டலையே பேத்துக் கொண்டாந்துட்டாரு.”

அந்த வாரம் லயத்தில் பாதிப் பேர் வந்து மிதித்தார்களாம். அவள் எல்லோரையும் கால் கழுவிவிட்டு வரச் சொன்னாளாம்.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தீபாவளிக்குச் சுவரில் பேப்பர் ஒட்டுவோம். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பழைய பேப்பர், கலண்டர், கிடைத்தது எல்லாம் ஒட்டுவோம். பழையதைக் கிழிப்பதில்லை. அதன் மேலேயே ஒட்டுவோம். புகைக் கறுப்பும் ஈரக் கறையும் மறைந்துவிடும். வீடு புதுசாக இருக்கும். வருகிறவர்கள் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்கள்.

என் வீட்டில் நான் ஒட்டுவது ஓட்டல் பேப்பர். பழைய சாப்பாட்டு அட்டை, வாவி படம் போட்ட விளம்பரம், அப்படி. கெட்டியாக, பளபளப்பாக இருக்கும். ஈரம் வெளியே தெரியாது. லயத்தில் வேறு யார் வீட்டிலும் அந்த மாதிரிச் சுவர் கிடையாது. அதில் எனக்கு ஒரு இது இருந்தது.

அவளுக்கு இருமல் முன்பே உண்டு. பனிக் காலத்தில் வரும், போகும். கார்பெட் போட்ட அடுத்த மழையில் வந்தது போகவில்லை. படுத்தால் இழுக்கும். உட்கார்ந்தே தூங்கினாள். விடியும்போது நெஞ்சைக் கையால் நீவிக்கொண்டு கட்டிலில் இருப்பாள். காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் போக முடியாமல் வேலைக்கு நின்ற நாட்களும் உண்டு. எனக்கு அவள் சொல்லவில்லை. அக்காதான் சொன்னார்.

“தம்பி, ஒங்க பொஞ்சாதி வெளக்கு வைக்கிற நேரத்துல பூனக் குட்டி மாதிரி இழுக்குது. எங்க பக்கம் கேக்குது.”

எங்கள் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே இடைவெளி. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் கேட்கும்.

பனிதான் என்று நினைத்தோம். நான் அந்த லீவுக்கு வந்தபோது ஜன்னலை அடைத்துச் சாக்கை வைத்தேன். கதவிடுக்கில் பழந்துணி திணித்தேன். காற்றே வராமல் பண்ணிவிட்டேன். கொத்தமல்லி அவித்துக் குடித்தாள். கேட்கவில்லை.

“கண்ணு பட்டிருச்சு” என்றார் அக்கா. “அம்புட்டுப் பேரு வந்து மிதிச்சா? ஒருத்தி கண்ணா ரெண்டு கண்ணா?”

உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். அடைத்த வீடு. புகை போக வழியில்லை. அவளுக்கு அப்படி ஒரு இழுப்பு வந்தது. உதடு கறுத்துப் போனது. நானும் மச்சானும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் முகத்துக்கு மாஸ்க் போட்டு மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். பிறகுதான் கண் திறந்து என்னைப் பார்த்தாள். கிளினிக்குக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

கிளினிக் டாக்டர் சின்ன வயசு. சிங்களவர். தமிழ் ஓரளவு பேசினார். அவள் முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு வீட்டைப் பற்றிக் கேட்டார். அவளே சொன்னாள். ஆஸ்பத்திரி என்றால் அவளுக்குப் பயம். அன்றைக்கு வீட்டைப் பற்றிக் கேட்டதும் பயம் போய்விட்டது.

“அம்மா, சுவரில ஈரம் இருக்கா? கறுப்பா புள்ளி புள்ளியா?”

“இல்லைங்க டாக்டர். சுவரே தெரியாம பேப்பர் ஒட்டியிருக்கோம். பளபளன்னு இருக்கும்.”

“பேப்பரா?”

“இவுங்க ஓட்டல்ல இருந்து கொண்டாறதுங்க. வருசா வருசம் ஒட்டுவாங்க.”

“தரை?”

“கார்பெட்டு போட்டிருக்கோம் டாக்டர்.”

மகளுக்குப் போட்ட நகையைச் சொல்கிற மாதிரி சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“கார்பெட்? லயத்திலயா?”

“இவுங்கதான் கொண்டாந்தாங்க. ஓட்டல் கார்பெட்டு. ரூமெல்லாம் இவுங்க பொறுப்புத்தாங்க அங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார்.

“அப்ப உங்களுக்குத் தெரியும்தானே” என்றார். “அலர்ஜி ஆளுக்கு ரூம் எப்படி வைக்கிறதுன்னு.”

அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடித்த குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“தெரியுமுங்க” என்றாள் அவள். “இவுங்களுக்கு எல்லாம் தெரியும்.”

டாக்டர் அவளுக்கு மூச்சு மருந்துப் பம்ப் ஒன்று கொடுத்து, வாயில் வைத்து இழுக்கிற விதத்தைக் காட்டினார். எனக்கு வீட்டைப் பற்றிச் சொன்னார். கார்பெட்டை எடுக்க வேண்டும். பேப்பரை எடுத்துப் பூசணத்தைக் கழுவ வேண்டும். கரப்பான் இருக்கக் கூடாது. அடுப்புப் புகை படுக்கிற இடத்துக்கு வரக் கூடாது. தலையணை, போர்வை கொதிநீரில். ஜன்னல் திறக்க வேண்டும். சூப்பர்வைசர் சொன்னதையே இவரும் சொன்னார். எனக்கு ஒன்றுகூடப் புதுசு இல்லை.

“வீடு மாறாட்டி பம்ப் மட்டும் என்ன செய்யும்?” என்றார் கடைசியில்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்.

“அலர்ஜின்னா என்னங்க?”

“தூசி ஆகாது.”

“ரெண்டு வேளையும் கூட்டுறேனே நான்.”

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். அலர்ஜி என்பது பிளேன் ஏறி வருகிறவர்களுக்கு உள்ள சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். அதற்கு ரூம் தயார் பண்ணலாம், சாமான் மாற்றலாம். நம்ம ஆட்களுக்கு வந்தால் அதற்குப் பேர் முட்டு. பனி. தலைவிதி. இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை வருசம் அந்த வேலையைச் செய்தும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்தாள். கார்பெட்டில் காலை வைத்துக்கொண்டு பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டல் விசயத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். டாக்டர் சொன்னார் என்று கார்பெட்டைத் தூக்கியிருக்கலாம். ஆனால் அவள் அதை விட மாட்டாள் என்று தெரியும். பம்ப் இருக்கிறதே, கார்பெட்டு இருந்துவிட்டுப் போகட்டும் என்பாள்.

“இத ஓட்டல்ல ஏன் வெளிய போட்டாங்க தெரியுமா?” என்றேன்.

“பழசாப் போச்சுன்னு சொன்னீங்க.”

“பழசுதான். ஒரு வெளிநாட்டு அம்மா வந்தாங்க. அவுங்களுக்கு மூச்சு இழுக்கும்னு எடுத்துப் போட்டாங்க.”

அவள் காலைத் தூக்கிக் கட்டில் மேலே வைத்துக்கொண்டாள்.

“அந்தம்மாவுக்கு ஆகாதுன்னு தூக்கிப் போட்டத எனக்கு விரிச்சீங்களா?”

“தெரியாது புள்ள.”

“அந்த ரூமக் கழுவுனது யாரு?”

“நான்தான்.”

“பொறகு என்ன தெரியாது?”

அடுத்த வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டது.

ஓட்டலுக்குப் போன் போட்டு லீவு கேட்டேன். சூப்பர்வைசர் என்ன விசயம் என்றார். வீட்டில் சுகமில்லை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் காலையில் அவளை அக்கா வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார வைத்து, வாயையும் மூக்கையும் துணியால் கட்டச் சொன்னேன். வீட்டுக்குள் போய்க் கார்பெட்டின் நுனியைப் பிடித்து இழுத்தேன். அவசரம். யாரும் எழும்பி வருவதற்குள் முடித்துவிட நினைத்தேன். இழுத்த இழுப்பில் தூசி எழும்பி வாசல் வரைக்கும் வந்தது. அங்கே அவள் இருமுகிற சத்தம் கேட்டது. ஓட்டலில் அப்படி இழுத்திருந்தால் என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள். நிறுத்தினேன். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, மெதுவாக உள்பக்கமாகச் சுருட்டினேன். அவளை இன்னும் தள்ளி, கோயில் பக்கம் போய் இருக்கச் சொன்னேன்.

கார்பெட்டுக்கு அடியில் தரை கறுப்பாக, ஈரமாக இருந்தது. கட்டில் கால் பக்கம் கார்பெட்டின் அடித்துணி உளுத்துப் போயிருந்தது. பூச்சிகள் ஓடின. சகிக்காத ஒரு வாடை. அதற்கு மேலேதான் அவள் காலைக் கழுவிக் கழுவி வைத்தாள்.

அதை வெளியே தூக்கிவந்தபோது லயத்து ஆட்கள் இஸ்தோப்புகளில் வந்து நின்றுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லை.

“என்ன மாப்ள, சீரு திரும்பிப் போகுதா?” என்றார் மச்சான்.

அக்கா இறங்கி வந்து கார்பெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“தம்பி, தூரப் போடாதீங்க. எனக்குத் தாங்க. எனக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாது. நான் இந்த மலையில மொளச்சவ.”

கோயில் பக்கம் போகச் சொன்னவள் போகவில்லை. தண்ணி ஓடுகிற கான் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். வாய்த்துணியை இறக்கிவிட்டாள்.

“வேணாம் மதினி. வெள்ளக்காரி வேணாம்னத எனக்குக் குடுத்தாரு. நான் வேணாம்னத ஒங்களுக்குக் குடுப்பாரு. பெரிய மனசு இவுங்களுக்கு.”

யாரும் உடனே சிரிக்கவில்லை. பிறகு ஒரு பொம்பளை சிரித்தாள். அப்புறம் எல்லோரும். நான் கார்பெட்டைக் கத்தியால் துண்டு துண்டாக அறுத்து, உரச் சாக்கில் கட்டி, குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோனேன். ஒரு துண்டுகூட யாரும் எடுக்க முடியாதபடி அறுத்தேன்.

திரும்பி வந்து முழங்கால் போட்டுத் தரையைக் கழுவினேன். கதவைச் சாத்திக்கொண்டுதான் தொடங்கினேன். எங்கள் லயத்தில் ஆம்பிளை தரை துடைத்து யாரும் பார்த்ததில்லை. நானும் என் வீட்டில் துடைத்ததில்லை. லீவில் வந்தால் படுத்துக்கொள்வேன். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து தருவாள். “வாரம் பூரா வேல செய்யிறாங்க, தூங்கட்டும்” என்று பக்கத்தில் சொல்வாள். வாரம் பூரா அவளும் மலை ஏறியிருப்பாள்.

அவள் வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

“காத்து வரட்டும்னுதான டாக்டர் சொன்னாரு” என்றாள்.

வெளிச்சம் முழுக்க என் மேல் விழுந்தது. மச்சான் எட்டிப் பார்த்தார்.

“ஓட்டல்ல இதான் வேலையா மாப்ள? நீ டை கட்டிக்கிட்டு நிக்கிறேன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்.”

அவள் ஊரில் சொல்லி வைத்தது ‘ஓட்டல்ல வேலை’ என்று மட்டும்தான். என்ன வேலை என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. நான் தலை நிமிரவில்லை. துணியைப் பிழிந்தேன். ஓட்டலில் எப்படி மூலையிலிருந்து வாசலுக்கு வருவோமோ அப்படியே வந்தேன். வேறு மாதிரி எனக்குத் தெரியாது. வாசலில் ஆட்கள் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குக் கேலியே பரவாயில்லை.

சுவர் அடுத்த நாள். தண்ணீர் தொட்டு நனைத்து நனைத்து உரித்தேன். பேப்பர் மேல் பேப்பராக ஒட்டி அட்டை மாதிரி ஆகியிருந்தது. ஒரு மூலையில் நகத்தை விட்டதும் பெரிய துண்டாகக் கழன்று வந்தது. பின்னால் கரப்பான். பெரிசு, சிறிசு, முட்டை. மாப்பசையைத் தின்று வளர்ந்திருக்கிறது. வெளிச்சம் பட்டதும் மேலே ஏறி நடுச்சுவர் இடைவெளியால் அந்தப் பக்கம் இறங்கின.

“ஏய், எங்கூட்டுக்கு ஏன்யா அனுப்புறீங்க!” என்று அக்கா கத்தினார். விளக்கமாற்றால் அடிக்கிற சத்தம் கேட்டது.

கட்டில் பக்கத்துச் சுவரில் ஓட்டல் பேப்பர் கடைசியாகக் கழன்றது. அதுதான் கெட்டி. அதற்குப் பின்னால் சுவர் கறுத்து, பஞ்சு மாதிரிப் பூசணம் பூத்திருந்தது. மற்ற இடத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. இந்த இடத்தில் ஒரே படலம். அவள் தலையணை வைக்கிற இடம். நான் பசையைத் தடவி, பேப்பரை வைத்து, குமிழி இல்லாமல் உள்ளங்கையால் நீவி ஒட்டிய இடம். ஒட்டிவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து நின்று பார்ப்பேன். அவள் நன்றாயிருக்கு என்பாள்.

அவளைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. அவளாக வந்து வாசலில் நின்று பார்த்தாள். திட்டுவாள் என்று இருந்தேன். திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அக்கா வீட்டிலிருந்து ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள்.

சவுக்காரத் தண்ணீர் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு போனது. கறை போகவில்லை. காயவும் இல்லை. காலையில் தொட்டால் திரும்பக் கசிந்திருந்தது. சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கான் மண்ணும் தேயிலைச் சருகும் அடைத்து, இரண்டு வீட்டுத் தண்ணியும் சுவரோடு தேங்கி நின்றது. எங்கள் வீட்டை மட்டும் கழுவிப் பிரயோசனம் இல்லை. மச்சானிடம் போய் நின்றேன். அவர் என் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார்.

“டை கட்டிக்கிட்டு வரவா, இப்படியே வரவா?” என்றார். வந்தார். இரண்டு பேருமாக வெட்டி விட்டோம். அந்தத் தண்ணி ஓடியபோது வந்த நாற்றத்தில் அவரும் பேச்சை நிறுத்திவிட்டார்.

அப்புறம் சுண்ணாம்பு அடித்தேன். பஞ்சுத் தலையணைகளை எறிந்துவிட்டு வேறு வாங்கினோம். போர்வையைக் கொதிநீரில் போட்டோம். அடுப்படிக்கும் படுக்கிற இடத்துக்கும் நடுவில் கதவுக்குப் பதில் சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டுப் பலகைக் கதவு போட்டேன். சாக்கு எடுத்த ஜன்னலில் குளிர் வருகிறது. அவள் பகலில் திறந்து வைத்து, பொழுது சாய மூடுகிறாள். விளக்கமாற்றை அவள் விட மாட்டேன் என்றாள். இப்போது தண்ணீர் தெளித்துத்தான் கூட்டுகிறாள். லீவு நாளில் தரை துடைப்பது நான். கதவு திறந்துதான் இருக்கும். போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போவார்கள். பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

முட்டு முழுசாகப் போய்விடவில்லை. பம்ப் தலைமாட்டில் இருக்கிறது. ஆனால் படுத்துத் தூங்குகிறாள்.

தீபாவளி வந்தது. மற்ற வீடுகளில் பசை காய்ச்சினார்கள். சுண்ணாம்புக்கு மேலே பழைய கறை மஞ்சளாகத் திரும்ப வந்திருந்தது, பெரிய தேசப்படம் மாதிரி. அவள் அதைப் பார்த்தாள்.

“சனம் வருமே” என்றாள்.

“ஒட்டட்டுமா?”

கறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். “வேணாம்” என்றாள்.

பொல்பிட்டிய பக்கம் கட்டிக் கொடுத்த அவள் தங்கச்சி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பார்த்துவிட்டாள்.

“என்னக்கா இது, நல்ல நாளுல எழவு வீடு மாதிரி. அத்தான் ஓட்டல்ல இருந்து பேப்பர் கொண்டாறலையா? கார்பெட்டெல்லாம் போட்டுருக்கீங்கன்னு சொன்னியே, எங்க?”

நான் எழுந்து பலகாரத் தட்டை எடுக்கிற மாதிரி அடுப்படிக்குப் போனேன். அங்கே தட்டு இல்லை. முன்னாலேயே வைத்தாகிவிட்டது. சும்மா நின்றேன்.

“அத அப்புறம் சொல்றேன். மொதல்ல பலகாரம் சாப்புடு” என்றாள் அவள்.

சாயங்காலம் தங்கச்சியை பஸ் ஏற்றப் போனோம். லயத்திலிருந்து ரோட்டுக்குக் குறுக்குப் பாதை. நல்ல ஏற்றம். பலகாரப் பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். அவர்கள் இரண்டு பேரும் முன்னால் போனார்கள். பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. முன்னால் அவள் தங்கச்சிக்குச் சொல்லிக்கொண்டு போனாள். வெளிநாட்டு அம்மா வந்தது, கார்பெட்டை வெளியே போட்டது, நான் கட்டிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தது, டாக்டரிடம் தான் பெருமை அடித்தது, நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒன்றையும் விடவில்லை. என் மாதிரியே பேசிக் காட்டினாள். நடுநடுவே சிரித்தாள். தங்கச்சி ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு குனிந்து நடந்தேன்.

ரோடு வருவதற்குள் முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டாள். மூச்சு வாங்க ஒரு இடத்திலும் நிற்கவில்லை.